மூன்று கம்பி தள்ளி

ஜூன் 4

மாப்பிள்ளை அவர்களுக்கு,

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும் என்று முடிவு செய்துவிட்டேன். நீங்களும் என் தங்கையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு முதுகு வலி. கல்லூரியில் என்னைவிட இளையவர் ஒருவரை பௌதிகத் துறைக்குத் தலைவராக்கிவிட்டார்கள். மற்றபடி சுகம்.

ஆறு வருடமாக உங்களுக்கு நான் ஒரு வரி எழுதவில்லை. காரணம் உங்களுக்குத் தெரியும். தொலைக்காட்சியின் சனிக்கிழமை இசை நிகழ்ச்சிக்கு பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் தேடியபோது நாம் இருவரும் ஒரே காரில் போனோம். முதலில் நான் உள்ளே போய் வாசித்தேன். சட்டையில் ஒரு சுருக்கம்கூட இல்லாத அந்த இசைக்குழுத் தலைவர், நாம் அப்போதே இஸ்திரி என்று பெயர் வைத்தோமே, அவர் என்னைப் பார்த்து, "உங்களுக்கு நிறைய தெரியும் சார், எங்களுக்கு அவ்வளவு வேண்டாம்" என்றார். பிறகு நீங்கள் உள்ளே போனீர்கள். திரும்பும் வழி முழுக்க நீங்கள் மட்டும் பேசிக்கொண்டு வந்தீர்கள். அதை நான் மறக்கவில்லை. மறக்கிற உத்தேசமும் இல்லை.

ஆனால் இப்போது எழுதுவது அதற்காக இல்லை. போன சனிக்கிழமை நிகழ்ச்சியைப் பார்த்தேன். ஒவ்வொரு வாரமும் உட்கார்ந்து பார்க்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பார்க்கிறேன். இரண்டாவது பாட்டில் பேஸ் நுழைந்ததும் என் நாற்காலிக் கைப்பிடி அதிர்ந்தது. என்ன டோன் அது! அடியில் கருங்கல் கனம், மேலே ஒரு சொட்டு மரச்சத்தம். புது ஆம்ப்பா? கம்பியை மாற்றினீர்களா? கம்பிகள் முடியும் இடத்தில் ஸ்பாஞ்சு ஏதாவது செருகியிருக்கிறீர்களா? கம்பிச் சத்தத்தைப் பிடிக்கிற அந்தப் பிக்கப்பை எவ்வளவு இறக்கினாய்? எல்லாவற்றையும் விவரமாக எழுது.

இவ்வளவு அருமையான சத்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு நீ செய்கிற அநியாயத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்தப் பாட்டே ஆக்டேவில் நிற்கிற பாட்டு. அடியில் ஒரு சுரம், உடனே அதே சுரம் மேல் ஸ்தாயியில் என்று துள்ளிக்கொண்டே போக வேண்டும். நீ ஒரு இடத்தில்கூட மேலே போகவில்லை. கீழேயே நின்று டொம் டொம் என்று கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறாய். இவ்வளவு சோம்பேறித்தனமா? டேய், ஆக்டேவில் உன்னை அடிக்க நம் கூட்டத்தில் ஆளே இல்லையேடா!

தங்கையிடம் விசாரித்ததாகச் சொல்லவும்.

மச்சான்


ஜூன் 15

அன்புள்ள மச்சான்,

நாங்கள் சௌக்கியம். உங்கள் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்கிறாள் உங்கள் தங்கை. துறைத்தலைவருக்கும் ஏதாவது ஒத்தடம் இருக்கிறதா என்று கேட்டேன், முறைத்தாள்.

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். முதல் பக்கத்தில் "நீங்கள்", அடுத்த பக்கத்தில் "நீ", கடைசியில் "டேய்". "டேய்" வந்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது. போன் செய்யலாம் என்று எண்ணைத் தேடினேன். "வேண்டாம், போனில் நீங்கள்தான் பேசுவீர்கள், அண்ணன் கடிதத்தில்தான் பேசும்" என்றாள். அதனால் கடிதம்.

டோனைக் கேட்டீர்களே, சொல்கிறேன்! கம்பி புதியது. மெல்லிசு, வழவழப்பான ரகம், விரல் பட்டால் வழுக்கிக்கொண்டு போகும். கம்பிகளைக் கழுத்தோடு ஒட்டினாற்போல இறக்கிவிட்டேன். கொசு உட்கார்ந்தால் சுரம் வரும். பழைய பேஸை அலமாரியில் வைத்துவிட்டு எடை குறைந்த ஒன்று எடுத்திருக்கிறேன், கழுத்தும் சன்னம். ஸ்பாஞ்சு என்று சரியாகக் கண்டுபிடித்தீர்கள்! பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை வெட்டிச் செருகினேன். அது புதுசாம். அதற்காக வீட்டில் நடந்ததை எழுத இடம் போதாது. பிக்கப்பை ஒரு நூல் இறக்கினேன், ஆம்ப்பில் நடு அலைவரிசையைக் கொஞ்சம் தூக்கினேன். அவ்வளவுதான் மந்திரம்.

ஆக்டேவ் விஷயம். இப்போதெல்லாம் எளிமையாக வாசிப்பதுதான் மோஸ்தர், மச்சான்.

ஒரு யோசனை கேட்க வேண்டும். என்னிடம் பேஸ் கற்றுக்கொள்ள ஒருவர் வருகிறார். நம் வயதுதான். இடது கையில் கடைசி இரண்டு விரலும் அவருக்குச் சொன்னபடி கேட்பதில்லை. மிச்ச இரண்டை வைத்துக்கொண்டு ஆக்டேவ், பஞ்சமம் எல்லாம் எப்படி எட்டுவது? நீங்கள் அலையையும் அதிர்வையும் கரைத்துக் குடித்தவர். ஏதாவது தோன்றினால் எழுதுங்கள். அவசரமில்லை. ஆனால் சீக்கிரம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

உங்கள் மாப்பிள்ளை


ஜூன் 21

அன்புத் தங்கைக்கு,

நலம், உன் நலம் அறிய வேண்டும். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். தோல் சிவந்தது, வலி அப்படியே இருக்கிறது.

உன் வீட்டுக்காரர் எழுதியிருந்தார். மெல்லிய கம்பி, இறக்கிய கம்பி, சன்னமான கழுத்து, எடை குறைந்த பேஸ். டோனுக்காக ஒருவன் இதில் ஒன்றைச் செய்வான், மிஞ்சிப்போனால் இரண்டு. நான்கையும் ஒரே வருடத்தில் செய்கிறவன் இடது கைக்கு ஓய்வு தேடுகிறான். போதாக்குறைக்கு இரண்டு விரல் வேலை செய்யாத மாணவர் வேறு வருகிறாராம். உன் வீட்டுக்காரர் யாருக்கும் எதையும் கற்றுக்கொடுக்கப் பொறுமை உள்ளவரா? உனக்கு சைக்கிள் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து நடுத்தெருவில் விட்டுவிட்டு வந்தவர்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். சட்டைப் பொத்தானை அவரே போட்டுக்கொள்கிறாரா?

பதில் உடனே வேண்டும்.

அண்ணன்


ஜூன் 28

அண்ணனுக்கு,

எனக்குக் கடிதம் வந்ததே என்று சந்தோஷமாகப் பிரித்தேன். பாதி கம்பி, மீதி பொத்தான். நீ நன்றாக இருக்கிறாய் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

பொத்தான் நான்தான் போட்டுவிடுகிறேன். போன வருடக் கடைசியிலிருந்து. முழங்கையில் நரம்பு அழுந்துகிறதாம். மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போய்க் கிடக்கின்றன. டாக்டரைக் கேட்டால், "வரலாம், வராமலும் போகலாம், பொறுமையா இருங்க" என்கிறார். பொறுமையாக இருக்கிற ஆளா இவர்?

வெளியே ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் நாற்காலி போய்விடும். இஸ்திரி ஏற்கெனவே கீபோர்டுக்காரரிடம், "பேஸையும் நீங்களே இடது கையில வாசிச்சிடலாமே, ஒரு ஆள் குறையும்"னு விளையாட்டுப்போல இரண்டு தடவை சொல்லிவிட்டார். டிசம்பரில் நிகழ்ச்சியின் பாட்டுப் போட்டிக்கு இறுதிச் சுற்று. அதுவரைக்கும் தாக்குப்பிடித்தால் அடுத்த வருடத்துக்கும் இவரையே எடுப்பார்கள். இல்லாவிட்டால் இவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு என் சமையலில் குறை கண்டுபிடிப்பார். சிரிக்காதே. சனிக்கிழமை காலையில் இவர் முகத்தைப் பார்த்திருக்கிறாயா? மற்ற ஆறு நாளும் அந்த முகம் எங்கே போகிறதென்று தெரியாது.

நான் சொன்னேன் என்று அவருக்குத் தெரியக்கூடாது. உன் வாய் சும்மா இருக்காது. இந்தத் தடவை இருக்கட்டும்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

தங்கை


ஜூலை 3

மாப்பிள்ளைக்கு,

சுகம், நீயும் அப்படியே என்று எடுத்துக்கொள்கிறேன். புதுத் துறைத்தலைவர் எனக்குக் காலை முதல் வகுப்பையும் மாலை கடைசி வகுப்பையும் ஒதுக்கியிருக்கிறார். அதற்குத் தனிக் கடிதம் வேண்டும், இதில் கலக்கவில்லை.

உன் மாணவரைப் பற்றி. டேய், கண்டுபிடித்துவிட்டேன்!

நம் பேஸின் கழுத்தில் குறுக்கு உலோக வரிகள் பிரிக்கிற கட்டங்களை எண்ணினால் கம்பிக்கும் கம்பிக்கும் ஐந்து கட்டம் தூரம். ஒரு கம்பியில் ஐந்தாவது கட்டத்தை அழுத்தினால் வருவதுதான் அடுத்த கம்பியின் வெறும் சுரம். இடையில் இருக்கிற நான்கு கட்டத்துக்கு நான்கு விரல். நான்கு விரலும் திடமாக இருந்த யாரோ தன் வசதிக்குச் செய்த ஏற்பாடு. நாம் ஏன் கட்டுப்பட வேண்டும்? தூரத்தை நான்காகக் குறைத்துவிடு. இடையில் மூன்றே கட்டம். இரண்டு விரல், ஒரு சின்னச் சறுக்கல், வேலை முடிந்தது.

"மேல் சுரங்கள் போய்விடுமே" என்று வாயைத் திறப்பாய். போகாது! நான்கு கம்பிக்குப் பதில் ஐந்து கம்பி பேஸ். ஐந்து கம்பிக்காரர்களைப் பற்றி நான் மேடையிலேயே சொன்னதெல்லாம் உனக்கு ஞாபகமிருக்கும். அதில் ஒரு சொல்லையும் நான் திரும்பப் பெறவில்லை. இது வேறு. அதில் இருக்கும் கம்பிகளைக் கழற்றிவிட்டு மேற்கத்திய சுரப்படி ஈ, ஜி ஷார்ப், சி, மறுபடி ஈ, மறுபடி ஜி ஷார்ப் என்று கட்டு. அடிச்சுரம் அதேதான். உச்சியில் ஒரு கட்டம் லாபம்.

இப்போது மூச்சைப் பிடித்துக்கொள். முதல் கம்பி ஈ, நான்காவது கம்பியும் ஈ. அப்படியானால் ஆக்டேவ் எங்கே? அதே கட்டத்தில், மூன்று கம்பி தள்ளி! விரலை விரிக்கவே வேண்டாம். பஞ்சமம் எங்கே? இரண்டு கம்பி தள்ளி, ஒரு கட்டம் பின்னால். நடுவிரல் அடிச்சுரத்தில் நிற்கும்போது ஆள்காட்டி விரல் சும்மா காத்துக்கொண்டிருக்கிற இடம் அது! நடுவிரல், ஆள்காட்டி, நடுவிரல். மேளக்காரன் நடக்கிற மாதிரி போகலாம்.

பரீட்சை மேற்பார்வையில் இருந்தபோது இது தோன்றியது. ஒரு தாளில் வரைந்து பார்த்துவிட்டு, "அட!" என்று எழுந்து நின்றுவிட்டேன். கூடம் முழுக்க என்னைப் பார்த்தது. முன்வரிசைப் பையன், "கேள்வி தப்பா சார்?" என்றான். "கேள்வி சரி, எழுது" என்றேன்.

பழகிய கைக்கு இது புது ஊர். தெரு எல்லாம் இடம் மாறியிருக்கும். உன் மாணவருக்குப் பிடிவாதம் உண்டா? ஆசிரியருக்கு உண்டென்று எனக்குத் தெரியும்.

தங்கையை விசாரித்தேன்.

மச்சான்


ஜூலை 17

அன்புள்ள மச்சான்,

இங்கே எல்லோரும் நலம். முதுகு எப்படி இருக்கிறது?

மாணவர் கடிதத்தைப் படித்ததும் அன்றைக்கே ஒரு பழைய ஐந்து கம்பி பேஸை வாங்கி வந்துவிட்டார். முதல் வாரம் அதைத் தூக்கிச் சுவரில் அடிக்கப் போனார். அவர் மனைவி பிடுங்கிப் பீரோவில் பூட்டினார். மறுநாள் அவரே சாவி கேட்டார். எந்தச் சுரமும் அதனதன் வீட்டில் இல்லை, மச்சான்! சி என்று நினைத்துக் கை வைத்தால் வேறு யாரோ கதவைத் திறக்கிறார்கள்.

ஆனால் நேற்று! நேற்று முதல் ஆக்டேவ் வந்தது. நடுவிரல் ஒரே கட்டத்தில் நின்றுகொண்டு மூன்று கம்பியைத் தாண்டிக் குதித்தது. டுங், டிங்! மாணவர் அதையே திரும்பத் திரும்ப வாசித்தார். உங்கள் தங்கை அடுக்களையிலிருந்து, "புரிஞ்சுது, புரிஞ்சுது, வேற வாசிங்க" என்று கத்தினாள். நான்கூட அவரோடு சேர்ந்து குதித்தேன்.

ஒரே தகராறு நான்காவது கம்பி. இருப்பதிலேயே மெல்லிய கம்பியை எடுத்து ஈ அளவுக்குத் தளர்த்தினால் துணி காயப்போடலாம் போலத் தொங்குகிறது. அடுத்த தடிமனை எடுத்து முறுக்கினால் கழுத்து முனகுகிறது. என்ன செய்வது?

காத்திருக்கிறோம், மாணவரும் நானும்.

உங்கள் மாப்பிள்ளை


ஜூலை 26

மாப்பிள்ளைக்கு,

முதுகு பரவாயில்லை, அதை விடு. உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

நான்காவது கம்பிக்குக் கணக்குப் போட்டுவிட்டேன். டி கம்பிக்கும் ஜி கம்பிக்கும் நடுத் தடிமன் வேண்டும். அப்படியொன்று செட்டில் வராது, தனியாகத்தான் கேட்க வேண்டும். இங்கே கடைக்காரரிடம் கேட்டேன்.

"அது எந்த பேஸுக்கு சார்?"

"இன்னும் வராத பேஸுக்கு."

"வந்ததும் கொண்டாங்க, பார்த்துப் போடலாம்" என்றார். அவரைத் தாண்டி நானே உள்ளே போய்ப் பெட்டி பெட்டியாகக் கிளறி எடுத்தேன். இரண்டு வாங்கினேன். ஒன்று இத்துடன் சுருட்டி அனுப்புகிறேன், கவனமாகப் பிரி, கண்ணில் குத்தும். இன்னொன்று எனக்கு. ஆமாம், நானும் ஐந்து கம்பி பேஸ் வாங்கிவிட்டேன். யாரிடமாவது சொன்னால் உறவு முறிந்தது.

வாசித்துப் பார்க்காமல் யோசனை சொல்வது என் வழக்கமில்லை. இடது கையின் கடைசி இரண்டு விரலையும் ஒட்டுத்துணியால் சேர்த்துக் கட்டிவிட்டேன். வகுப்பில் ஒருத்தி, "கைக்கு என்ன ஆச்சு சார்?" என்றாள். "ஆராய்ச்சி" என்றேன். துறைத்தலைவர் ஆராய்ச்சி என்றதும் அறிக்கை கேட்டார். அவருக்கு நான் கொடுக்கப்போகும் அறிக்கையை அச்சிட முடியாது.

கட்டிய கையோடு சனிக்கிழமை நிகழ்ச்சியை வைத்துக்கொண்டு கூடவே வாசித்தேன். கை இடம் மாறும்போது கட்டை விரலைக் கழுத்தின் பின்னால் அழுத்தாமல் விட்டால் சறுக்கல் சத்தமில்லாமல் வருகிறது. ஸ்பாஞ்சை மேல் இரண்டு கம்பிக்குக் கொஞ்சம் மெலிதாக வெட்டு. இல்லையென்றால் ஆக்டேவின் மேல் சுரம் அடைத்துக்கொள்கிறது.

உன் மாணவரிடம் இன்னொன்று சொல். மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றி உட்கார வேண்டாம். பொதுவாகத்தான் சொல்கிறேன்.

மச்சான்


செப்டம்பர் 15

அன்புள்ள மச்சான்,

சௌக்கியமா? பதில் தாமதமானதற்குக் கோபிக்க வேண்டாம். காரணத்தை நீங்களே சனிக்கிழமை பார்த்திருப்பீர்கள்.

பார்த்தீர்களா? கேட்டீர்களா? முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஐந்து கம்பி! மாணவரின் பேஸைக் கடன் வாங்கிக்கொண்டு போனேன் என்று வையுங்கள். இரண்டாவது பாட்டில் ஆக்டேவ் ஓட்டம் வந்ததும் டிரம்ஸ்காரர், நாம் இடி என்று கூப்பிடுவோமே, அவர், தாளத்தை விடாமல் தலையைத் திருப்பிப் பார்த்தார். பாட்டு முடிந்ததும், "யோவ், கை தூங்குது, சத்தம் மட்டும் ஆடுது! என்னய்யா பண்ற?" என்றார். "கைக்கு லீவு" என்றேன். பாடகி வந்து, "அண்ணே, இன்னிக்கு கீழே தரை இருந்துச்சு" என்றாள். மச்சான், பேஸ் வாசிக்கிறவனுக்கு இதைவிட ஒரு வார்த்தை உண்டா?

இஸ்திரிகூட வந்தார். "பேஸ் நல்லாயிருந்துச்சு" என்றார். ஆறு வருடத்தில் முதல் தடவை. சட்டையில் ஒரு சுருக்கம் விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

மாணவருக்கு ரொம்ப சந்தோஷம். உங்களை நேரில் பார்க்க வேண்டும் என்கிறார். என்ன சொல்வது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

உடம்பைக் கவனித்துக்கொள்ளவும்.

உங்கள் மாப்பிள்ளை


அக்டோபர் 20

அன்புள்ள மச்சான்,

உங்கள் உடல்நிலை நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன். போன கடிதத்துக்கு நீங்கள் பதில் போடவில்லை. நான் எதுவும் தப்பாக எழுதிவிட்டேனா?

இங்கே ஒரு சிக்கல். நிகழ்ச்சியின் தொடக்கத்தில் நேயர் கடிதம் வாசிப்பார்களே, அதில் இரண்டு வாரமாக என் கைதான் பேச்சு. எழுதுகிறவர்கள் எல்லாம் பேஸ் வாசிக்கிறவர்கள். வேறு யார் என் கையைப் பார்ப்பார்கள்? "ஆக்டேவ் கேட்கிறது, கை அதே கட்டத்தில் நிற்கிறது. விரல் இருக்கும் இடத்தில் அந்தச் சுரமே கிடையாது. பதிவு செய்த பேஸை ஓடவிட்டு இவர் கையாட்டுகிறார். நேரடி இசை என்று ஏமாற்றுகிறீர்கள்" என்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. நாம் எல்லோரும் அப்படித்தானே, காதைவிடக் கையைத்தானே முதலில் பார்ப்போம்.

இஸ்திரி கூப்பிட்டார்.

"நீங்க வாசிக்கிறீங்கன்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சு என்ன? ஜனங்களுக்குத் தெரியணும். எதுக்கு இப்படி மாத்தினீங்க?"

"டோனுக்காக."

அவர் என் கையைப் பார்த்தார். நான் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டேன்.

"சரி. இறுதிச் சுற்றுக்கு முந்தின வாரம் சாதாரண நாலு கம்பி பேஸ்ல இதே பாட்டை நேரடியா வாசிச்சுக் காட்டுங்க. எல்லார் வாயும் அடைச்சிடும். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, வேற ஏற்பாடு பண்ணிக்கறேன்."

நேற்று மாணவர் அலமாரியிலிருந்து பழைய நாலு கம்பி பேஸை எடுத்து மடியில் வைத்துப் பார்த்தார். அப்புறம் துடைத்து உள்ளே வைத்துவிட்டார்.

ஏதாவது எழுதுங்கள், மச்சான். டோனைப் பற்றியாவது எழுதுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை


நவம்பர் 9

அண்ணனுக்கு,

நீ சுகமாகத்தான் இருப்பாய். எனக்குத் தெரியும்.

இஸ்திரி உனக்குப் போன் செய்தாராமே? இறுதிச் சுற்றுக்கு உன்னை வாசிக்கக் கூப்பிட்டாராமே? நீ "யோசித்துச் சொல்கிறேன்" என்றாயாமே? கீபோர்டுக்காரர் மனைவி கடையில் பார்த்துச் சொன்னாள். இவர் கடிதத்துக்கு நீ ஏன் பதில் போடவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

வந்து இவரிடம் சொன்னேன். கத்துவார் என்று பார்த்தேன். "மச்சானுக்கு வர வேண்டிய இடம்தானே"ன்னு சொல்லிவிட்டுத் தொலைக்காட்சியைப் போட்டார். அதில் ஒன்றும் ஓடவில்லை, வெறும் விளம்பரம். அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் கோபப்படவில்லை, அதனால் அவருக்கும் சேர்த்து நான் படுகிறேன். உனக்கு அந்த நாற்காலி வேண்டுமென்றால் எடுத்துக்கொள். ஆனால் இவருக்கு ஒரு வரி எழுதிவிட்டு எடுத்துக்கொள்.

தங்கை


நவம்பர் 14

மாப்பிள்ளைக்கு,

தங்கையின் கடிதம் கிடைத்தது. கோபத்தில் எழுதினால் அவள் கையெழுத்து அழகாக இருக்கிறது. இருவரும் நலம் என்று நினைக்கிறேன். என் முதுகு வலி போய்விட்டது. எப்போது போனது என்று கவனிக்கவில்லை.

ஆமாம், போன் வந்தது. "சார், அன்னிக்கு நான் ஏதோ சொல்லியிருப்பேன், மனசுல வச்சுக்காதீங்க" என்றார் இஸ்திரி. வேறெங்கே வைத்துக்கொள்வதாம்? யோசிப்பதாகச் சொன்னேன். உண்மையாகவே யோசித்தேன். உனக்கு ஏன் மறைக்க வேண்டும், இறுதிச் சுற்றுப் பாட்டுகளை எடுத்து, விரல் கட்டை அவிழ்த்துவிட்டு, நான்கு கம்பியில் நான்கு விரலாலும் தினமும் வாசித்தேன். ஆறு வருடம் காத்திருந்தவன் வாசிக்கிற மாதிரி வாசித்தேன். சுரம் எல்லாம் வந்தது. அந்த வாசிப்பு வரவில்லை. என் ஆக்டேவ் படியேறி மேலே போகிறது. சனிக்கிழமை நான் கேட்டதில் படியே கிடையாது. கதவைத் திறந்தால் மாடி! ஐந்து கம்பியை எடுத்தால் எனக்கும் வருகிறது. ஆனால் அதோடு போய் நின்றால் அதே ஆட்கள் என்னையும் பொய்க்காரன் என்பார்கள்.

இஸ்திரியைக் கூப்பிட்டு, விடைத்தாள் திருத்த வேண்டும், வர முடியாது என்றேன். "நல்ல வாய்ப்பு சார், விட்டுடாதீங்க" என்றார். "விடைத்தாளும் நல்ல விடைத்தாள்தான்" என்று வைத்துவிட்டேன்.

பிறகு போன மாத நிகழ்ச்சியின் பதிவைத் தேடிப் பிடித்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, உன் வாசிப்பில் எங்கெங்கே குற்றம் என்று பார்த்தேன். அந்த வேலையில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று என் கல்லூரியே சொல்லும். கிடைத்ததும் உட்கார்ந்து நேயர் பகுதிக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதை இங்கே அப்படியே எழுதிக் காட்டுகிறேன்:

"ஐயா, போன மாத நிகழ்ச்சியின் மூன்றாவது பாட்டில் உங்கள் பேஸ் கலைஞர் செய்த தவறுகளைச் சொல்வது என் கடமை. இரண்டாம் சரணத்தில் ஓர் ஆக்டேவின் மேல் சுரம் பாதியில் அடைத்தது. அதே நொடியில் விரல் கட்டத்துக்குள் விழாமல் உலோக வரியின் மேல் விழுந்ததைக் காமிரா காட்டுகிறது. குழல் வாசிக்கும் இடத்தில் அவர் டிரம்ஸ்காரரைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பினால் அடுத்த சுரம் ஒரு மயிரிழை பிந்தியது. டிரம்ஸ்காரர் அதற்காகக் காத்திருந்தது காது உள்ள எவருக்கும் கேட்கும். பாட்டு முடிந்ததும் அடிக்கம்பி அநாவசியமாக முழங்கிக்கொண்டிருந்தது. அவர் உள்ளங்கையை வைத்தார், நின்றது. பதிவு செய்து ஓடவிடும் பேஸ் தடுமாறாது, சிரிக்காது, உள்ளங்கைக்கு அடங்காது. சந்தேகப்படுகிற நண்பர்கள் ஐந்து கம்பி பேஸை ஈ, ஜி ஷார்ப், சி, ஈ, ஜி ஷார்ப் என்று சுருதி சேர்த்து, அவர் விரல் வைக்கும் இடங்களில் விரல் வைக்கட்டும். அதே சுரங்கள் வரும். அந்தச் சத்தமும் வரும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். இந்தச் சுருதியில் பிறந்த வாசிப்பைச் சாதாரண பேஸில் நிரூபிக்கச் சொல்வது, வயலின்காரரைப் புல்லாங்குழலில் நிரூபிக்கச் சொல்வது போன்றது. அவர் இதைத் தேர்ந்தெடுத்தது டோனுக்காக. கேட்டாலே தெரியும்."

எப்படி? மூன்று தவறும் உண்மை. மூன்றாவதை இறுதிச் சுற்றில் மறுபடி செய்யக்கூடாது என்று உன் மாணவரிடம் கண்டிப்பாகச் சொல். உன்னை மன்னித்துவிட்டேன் என்றும் எண்ண வேண்டாம். அந்தக் கார் பயணம் அப்படியே இருக்கிறது.

கடிதத்தின் அடியில் என் பெயர், பட்டம், கல்லூரி எல்லாவற்றையும் எழுதினேன். "இந்தச் சுருதியை வகுத்தவன்" என்றும் ஒரு வரி சேர்த்தேன். பார்க்க நன்றாக இருந்தது. என் ஆயுளில் எனக்குத் தோன்றிய உருப்படியான யோசனை இது ஒன்றுதான், ஊர் முழுக்க அதைக் கேட்டிருக்கிறது, ஒரு ஆளுக்கும் அது யாருடையது என்று தெரியாது. உன் செப்டம்பர் கடிதத்துக்கு நான் பதில் போடாததும் அதனால்தான். ஆனால் என் பெயரைப் பார்த்ததும் இஸ்திரி என்ன சொல்வார்? "மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்து கதை கட்டுறாங்க" என்பார். சொந்தக்காரன் மெச்சினால் ஒருவரும் நம்பமாட்டார்கள். எங்கிருந்தோ பேர் தெரியாத ஒரு சிடுமூஞ்சி குறை சொல்லி எழுதினால் நம்புவார்கள்.

அந்தத் தாளைக் கிழித்துவிட்டு முழுவதையும் மறுபடி எழுதினேன். உறையை ஒட்டியாகிவிட்டது. கல்லூரிக்குப் போகும் வழியில் தபால் பெட்டி இருக்கிறது. நாளைக் காலை, முதல் வகுப்புக்கு முன்னால், கையெழுத்து இல்லாமலே அதைப் போட்டுவிடப் போகிறேன்.